அந்தக் கம்பி மூடியைக் குறுக்கே திருப்பி வையுங்கள்

சேலம் நகரச் சாலைகளையும் மழைநீர் வடிகால்களையும் கவனித்துக்கொள்ளும் பொறியாளர்களுக்கு, வணக்கம்.

நான் கொடுத்த மூன்று மனுக்களும் உங்களிடம்தான் இருக்கின்றன. ஆகையால் கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. அஸ்தம்பட்டியிலிருந்து ஐந்து ரோட்டுக்குப் போகும் வழியில், சாலையின் இடது ஓரத்தில் கிடக்கும் அந்த இரும்புக் கம்பி மூடி எது என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதன் கம்பிகள் வண்டி போகும் திசையிலேயே நீளவாக்கில் இருக்கின்றன. அதைக் குறுக்கே திருப்பி வையுங்கள். மூன்று மனுக்களிலும் கேட்டது இதுதான், இந்த மடலில் கேட்பதும் இதுதான்.

கன்னங்குறிச்சியிலிருந்து சூரமங்கலத்தில் இருக்கும் அலுவலகத்துக்கு நான் சாய்வு சைக்கிளில் போய்வருகிறேன். முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் வண்டி அது. எங்கள் தெருப் பிள்ளைகள் அதை ஈஸிசேர் சைக்கிள் என்பார்கள். எனக்குக் கழுத்து எலும்பில் தேய்மானம். சாதாரண சைக்கிளில் குனிந்து கைகளை ஊன்றினால் தோளில் தொடங்கும் வலி விரல் நுனிவரை இறங்கும். இந்த வண்டியில் கைகளுக்குப் பாரமே இல்லை. உயரம் குறைவு என்பதால் பின்னால் ஆளுயரக் கம்பு நட்டு ஆரஞ்சு நிறக் கொடி கட்டியிருக்கிறேன். டவுன் பஸ் ஓட்டுநர்கள் அந்தக் கொடியைப் பார்த்து ஒதுங்கி வழிவிடுகிறார்கள். சாலையில் என்னோடு வருகிறவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அக்டோபர் மாதம் ஒரு மாலை. சேர்வராயன் மலைப்பக்கம் வானம் கறுத்து, அரை மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டது. சாலை ஓரமெல்லாம் செந்நிறத் தண்ணீர். அந்த மூடி தண்ணீருக்கு அடியில் கிடந்தது. முன்சக்கரம் கம்பிகளுக்கு நடுவே இறங்கியது, வண்டி அப்படியே நின்றுவிட்டது. நான் முன்னால் சறுக்கி வலப்பக்கம் விழுந்தேன். வலப்பக்கம் என்றால் சாலையின் நடுப்பக்கம். பிரேக் அலறும் சத்தம் கேட்டது. தலையைத் திருப்பியபோது ஒரு பஸ்ஸின் முன் டயர் என் கொடிக் கம்பை மடக்கி, கொடியின்மேல் ஏறி நின்றிருந்தது. டயரின் பள்ளங்களில் ஒட்டியிருந்த சேற்றை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். கண்டக்டரும் எதிர்ப்பக்க டீக்கடைக்காரரும் வந்து தூக்கினார்கள். சக்கரத்தை வெளியே இழுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். கம்பிகளுக்கு நடுவே 4.5 சென்டிமீட்டர் இடைவெளி. என் டயரின் அகலம் 4 சென்டிமீட்டர்கூட இல்லை. பிளவின் நீளம் 40 சென்டிமீட்டர். 28 அங்குலச் சக்கரம் அதில் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் இறங்கும். என் வண்டியின் 20 அங்குல முன்சக்கரமோ 10 சென்டிமீட்டர் இறங்கிவிடும். சாதாரண சைக்கிளில் பள்ளத்தைக் கண்டதும் மிதிமேல் எழுந்து நின்று அடியைக் காலில் வாங்கிக்கொள்ளலாம். சாய்வு சைக்கிளில் எழவே முடியாது, அடி முழுவதும் முதுகெலும்புக்குத்தான். பைக்குகளின் டயர் அகலமானது, அது கம்பிகளின் மேலேயே உருண்டு போய்விடுகிறது. அதனால்தான் இத்தனை நாளாக யார் கண்ணிலும் இது படவில்லை போலும்.

இன்னொன்றையும் அளந்தேன். அது சதுர மூடி. இரண்டு பக்கமும் 45 சென்டிமீட்டர். கடப்பாரையால் நெம்பித் தூக்கி, கால்வட்டம் திருப்பி, அதே குழியில் வைத்தால் போதும். புதிய மூடி வேண்டாம், டெண்டர் வேண்டாம்.

மூன்றாவது மனுவோடு நேரில் வந்தபோது உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏன் மேடம், இந்த மாதிரி வண்டியில் ஏன் வருகிறீர்கள்? இதெல்லாம் சைக்கிளா? ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளலாமே." அன்று பதில் பேசாமல் வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். 1933 ஜூலையில் பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர் என்பவர் இப்படிச் சாய்ந்து ஓட்டும் வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டி, 1914-இலிருந்து நிலைத்திருந்த சாதனையைத் தாண்டினார். அடுத்த ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் சைக்கிளுக்கு ஒரு வரையறை எழுதி, இவ்வகை வண்டிகளைப் பந்தயத்திலிருந்து விலக்கியது. ஓடுவதை விட்டுவிட்டு உருவத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அன்றே தொடங்கிவிட்டது. நான் பந்தயத்துக்கு வரவில்லை ஐயா, வேலைக்குப் போகிறேன்.

இது என் ஒருத்தியின் வண்டிக்கான கோரிக்கையும் அல்ல. டேப்போடு நான் குனிந்திருந்தபோது, கேரியரில் நூல் மூட்டை கட்டிய ஒரு பெரியவர் மூடிக்குப் பத்தடி முன்பே இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சுற்றிப்போய் மறுபடியும் ஏறினார். கேட்டதற்கு, "ரொம்ப வருடமாக இப்படித்தான் கண்ணு, ஒரு தடவை விழுந்தேன், அதோடு இறங்கிவிடுவேன்" என்றார். ஒரு மனிதர் வருடக்கணக்காகத் தினமும் இரண்டு முறை இறங்கி ஏறுகிறார். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறது. அந்த மிதிவண்டியின் டயரும் இந்தப் பிளவுக்குள் இறங்கும். அந்தப் பிள்ளைகள் மனு எழுத மாட்டார்கள், முட்டியைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடிவிடுவார்கள்.

சாலையைத் தோண்டுகிறார்கள், மூடுகிறார்கள், மேலே மேலே தார் போட்டு உயர்த்துகிறார்கள். பழைய மூடிகள் மட்டும் குழிக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. வேகத்தடைகளில் வெள்ளைக்கோடு அழிந்து கிடக்கிறது. ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலம் எழுப்ப முடிந்திருக்கிறது, அதன் நிழலில் சைக்கிளை மிதிப்பவன் எந்த ஓரமாகப் போவான் என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஓரத்தில் போ என்றுதான் எங்களுக்குச் சிறுவயதிலிருந்து சொல்லித்தந்தார்கள். அந்த ஓரத்தில்தான் இந்த மூடிகள் இருக்கின்றன.

கோபத்தில் வார்த்தை மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீரில் இறங்கி அடைப்பு எடுக்கும் உங்கள் பணியாளர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அந்த உழைப்பின்மேல் எனக்கு மரியாதை உண்டு. வடிகால் வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. கம்பிகளைக் குறுக்கே திருப்புங்கள் என்றுதான் கேட்கிறேன். என் வழியில் நீளவாக்கில் கம்பி உள்ள மூடிகள் மொத்தம் 14 இருக்கின்றன. சதுரமாக உள்ளவற்றைத் திருப்பி வைக்கலாம், நீளமானவற்றில் இரண்டு இரும்புப் பட்டைகளைக் குறுக்கே வெல்டிங் செய்துவிடலாம். முதலில், நான் விழுந்த அந்த ஒரு மூடியை மட்டுமாவது அடுத்த மழைக்கு முன் திருப்பி வைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இடத்தைக் காட்ட ஆள் வேண்டுமென்றால், தினமும் காலை எட்டே காலுக்கு அந்த வழியாகத்தான் வருகிறேன். கொடி புதிதாகக் கட்டியிருக்கிறேன், அதே ஆரஞ்சு நிறம்.

இப்படிக்கு,
கன்னங்குறிச்சியிலிருந்து சாய்வு சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒருத்தி