மார்க்கம் வேறு, ஊர் வழக்கம் வேறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேலை நாடுகளில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் பிள்ளைகள் பெற்றோரைவிட மதப்பிடிப்பு மிக்கவர்களாக இருக்கிறார்கள், இது ஆபத்தின் அறிகுறி என்கிறது சென்ற இதழ்க் கட்டுரை. முதல் பாதி ஓரளவு உண்மைதான். இரண்டாவதை என்னால் ஏற்க முடியவில்லை. கிழக்கு லண்டனில் இந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவள் நான்.

2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 39 லட்சம் முஸ்லிம்கள். பாதிப் பேர் பிரிட்டனிலேயே பிறந்தவர்கள். எங்கள் பகுதியில் பெரும்பாலோருக்குப் பூர்வீகம் வங்கதேசத்துச் சில்ஹெட். தையல் கூடங்களிலும் உணவகங்களிலும் உழைத்த பெற்றோருக்கு மார்க்கமும் ஊர் வழக்கமும் ஒன்றுதான். பிள்ளைகள் இரண்டையும் பிரித்துப் பார்க்கிறார்கள்.

என் மாணவி ஒருத்திக்கு ஊரிலிருந்த மாமன் மகனைப் பேசி முடிக்கப் பார்த்தார்கள். "பெண்ணின் சம்மதம் இல்லாத நிக்காஹ் நபிவழிக்கு விரோதம். நீங்கள் சொல்வது ஊர் வழக்கம்" என்று தந்தையிடம் நேராகச் சொல்லிவிட்டாள். வேண்டுமானால் இமாமைக் கேளுங்கள் என்றாள். அவரும் அதையேதான் சொன்னார். பேச்சு அத்தோடு நின்றது. இப்போது பார்மசி படிக்கிறாள். கட்டாயத் திருமணம் இங்கே 2014 முதல் கிரிமினல் குற்றம், நல்ல சட்டம்தான். ஆனால் பெற்ற தகப்பனைப் போலீசில் பிடித்துக் கொடுக்க எந்த மகளுக்கு மனசு வரும்? அவள் தலையில் இருக்கும் ஹிஜாபை மட்டும் பார்த்துவிட்டு அடிமைத்தனம் என்று எழுதுவது அநியாயம்.

சரி, 2015இல் இங்கே கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீனிலிருந்து மூன்று மாணவிகள் ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பில் சேர சிரியாவுக்குப் போனார்களே என்று கேட்கலாம். போனார்கள், அது பெரிய துயரம். அவர்களில் ஒருவரான, பிரிட்டனில் பிறந்த ஷமீமா பேகத்தின் குடியுரிமையை அரசு 2019இல் பறித்தது. பெற்றோர் வழியில் வங்கதேசக் குடியுரிமை அவருக்கு உண்டு என்பது அரசின் வாதம். வங்கதேசமோ அவர் எங்கள் குடிமகளே அல்ல என்றது. "அவர் செய்தது தப்பு மிஸ். ஆனால் வேறு நாட்டுப் பூர்வீகம் இல்லாத ஒருவர் இதே தப்பைச் செய்தால் குடியுரிமை போகாது, இல்லையா?" என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். சட்டப்படி அவன் சொன்னது சரி. இங்கேயே பிறந்த பிள்ளையை அப்படிக் கேட்க வைத்ததைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதுமுன் இந்தப் பிள்ளைகளில் இரண்டு பேரிடமாவது கட்டுரையாளரைப் பேசச் சொல்லுங்கள். தாராளமாகப் பேசுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கிழக்கு லண்டன்