என்.சி.சி. தலைமை இயக்குநருக்கு, ஒரு பழைய ஏ.என்.ஓ. எழுதும் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு பள்ளியில் 17 ஆண்டுகள் ஏ.என்.ஓ.வாக, அதாவது என்.சி.சி.யை (தேசிய மாணவர் படையை) கவனிக்கும் ஆசிரியராக, பள்ளி மாணவர் பிரிவான ஜூனியர் டிவிஷனை நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எங்கேனும் மைதானத்தில் 'சாவ்தான்' என்ற அணிவகுப்புக் கட்டளைக் குரல் கேட்டால் இன்றும் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். அந்தப் பாசத்தில், திருநர் பிள்ளைகளையும் என்.சி.சி.யில் சேர்க்க வழி செய்யுங்கள் என்று கேட்டு எழுதுகிறேன்.

ஒரு ஜூன் மாதம், சேர்க்கைக்கு ஓட விட்டபோது முதலில் வந்த பிள்ளை, எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்து, "சார், நான் பொண்ணு சார். வீட்லயும் தெரியாது. ஆனா எனக்கு என்.சி.சி. வேணும்" என்றாள். பதிவேட்டில் ஆண் பெயர். "பையன்னே எழுதிக்கோ, யார்கிட்டயும் சொல்லாதே" என்றேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். மூன்று பரேடு வந்தாள். நான்காவது வாரம் முடியை ஒட்ட வெட்டி வரச் சொன்னோம். அதோடு நின்றுவிட்டாள். தேடிப் போய்க் கேட்கவில்லை நான். அது இன்னும் உறுத்துகிறது.

அவளைப் போன்ற பிள்ளைகள் சேரத் தடை எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். 1948 ஆம் ஆண்டு என்.சி.சி. சட்டத்தின் 6 ஆம் பிரிவு ஆண் மாணவர், பெண் மாணவர் என்று இரண்டே வரியில் முடிகிறது. திருநர் உரிமைச் சட்டத்தை 2019 இல் இயற்றியபோதே, 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்காகப் பெற்றோர் அடையாளச் சான்று கேட்கலாம் என்று எழுதினார்கள். அப்படியொரு பிள்ளை இருக்கிறது என்று நாடாளுமன்றமே ஒப்புக்கொண்ட பிறகும் நம் படிவம் மாறவில்லை.

2021 மார்ச்சில் கேரள உயர்நீதிமன்றம், திருநங்கை மாணவி ஒருவரைப் பெண்கள் பிரிவில் சேர்க்கலாம் என்றது. 1948 சட்டம் 2019 சட்டத்துக்குக் குறுக்கே நிற்க முடியாது என்றும் சொன்னது. 2025 இல் ஒரு திருநம்பி மாணவர் கேட்டபோது, சட்டத்தை மாற்றுவது நீதிமன்றத்தின் வேலையல்ல என்று அதே நீதிமன்றம் மறுத்தது. ஆக, பந்து உங்கள் பக்கமும் பாதுகாப்பு அமைச்சகத்தின் பக்கமும்தான் இருக்கிறது.

கேம்ப்தான் சிக்கல் என்பார்கள். பத்து நாள், ஒரே கூடாரம், பொதுக் குளியல். மற்றப் பெற்றோர் கவலைப்படுவதில் தவறில்லை; நானும் பிள்ளை பெற்றவன். ஆனால் கேம்ப் நடத்தியவர்களுக்குத் தெரியும், யார் எங்கே படுப்பது என்பதை முதல் நாள் சாயங்காலம் நாங்கள்தான் முடிவு செய்கிறோம். இரவில் படுக்கையை நனைக்கும் பையனை வாசலோரம் போட்டிருக்கிறேன், மற்றவர்கள் எழுவதற்கு முன் விரிப்பை மாற்றிக்கொள்ளட்டும் என்று. வலிப்பு வரும் பையனுக்கு என் கட்டிலுக்குப் பக்கத்தில் இடம். அம்மைத் தழும்புக்காகச் சட்டையைக் கழற்ற மறுத்தவனுக்குத் தனியாகக் குளிக்க நேரம். இதற்கெல்லாம் நாங்கள் உத்தரவு கேட்டதில்லை. தாழ்ப்பாள் உள்ள ஒரு குளியலறையும் ஒரு தடுப்பும் எந்தப் பிள்ளைக்கும் கெடுதல் செய்யாது.

காக்கி திருநர்களுக்குப் புதிதும் அல்ல. 2015 இல் சென்னை உயர்நீதிமன்றம் வழிவிட, 2017 இல் திருநங்கை பிரித்திகா யாஷினி இங்கே சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். அதே காவலர் தேர்வில் என்.சி.சி. சான்றிதழுக்குச் சிறப்பு மதிப்பெண் உண்டு. அந்த மதிப்பெண்ணுக்கான வாசலை ஒரு திருநங்கைச் சிறுமிக்கு நாமே சாத்தி வைத்திருக்கிறோம்.

6 ஆம் பிரிவைத் திருத்தும் முன்மொழிவை அமைச்சகத்துக்கு அனுப்புங்கள். அதற்கு நாளாகும், சரி. அதுவரை 2021 தீர்ப்பைச் சொல்லி எல்லா பட்டாலியன்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாமே. அடுத்த ஜூனில் ஒரு பிள்ளை தனியாக வந்து நின்றால், அங்கே இருக்கும் ஏ.என்.ஓ. கையில் அந்தத் தாளாவது இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஏ.என்.ஓ. ஒருவர்