அந்தச் சிறு கையேட்டுக்கு எத்தனை புள்ளி?

பல்கலைக்கழகக் கல்வியியல் துறைகளின் ஆய்வு மதிப்பீட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். பல்கலைக்கழக மானியக் குழு, ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் என்று தான் வைத்திருந்த கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டது. எந்த ஆய்விதழை ஏற்பது என்பதை இனி அந்தந்த நிறுவனமே முடிவு செய்யலாம். புதிய அளவுகோல்களை எழுத நீங்கள் உட்காரும் நேரம் இது. கல்வி ஆய்வுகள் கடைசியில் வந்து சேரும் இடம் எங்கள் வகுப்பறைதான் என்பதால் இந்த மடல்.

ஒரே ஓர் ஆய்வை எடுத்துக்கொள்கிறேன். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் வகுப்பறை மதிப்பீடு பற்றிய சுமார் 250 ஆய்வுகளைத் திரட்டிப் படித்து 1998-இல் 68 பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். கல்வித்துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் அதுவும் ஒன்று. அதே ஆண்டில், ஆசிரியர்களும் அதிகாரிகளும் படிக்கும்படி அதன் சாரத்தைச் சிறு கையேடாகவும் எழுதினார்கள். பள்ளிகளுக்குள் போனது அந்தக் கையேடுதான்.

அவர்கள் சொன்னது எளிமையானது. பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள். அதற்கேற்ப உன் கற்பித்தலை மாற்று. அவர்கள் எடுத்துக்காட்டிய ஆய்வுகளில் ரூத் பட்லர் இஸ்ரேலில் செய்து 1988-இல் வெளியிட்டது என்னை மிகவும் யோசிக்க வைத்தது. சில பிள்ளைகளுக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்புரை மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். குறிப்புரை மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் சேர்ந்து வந்த இடத்தில் குறிப்புரையால் பயன் இல்லை. விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த அடுத்த நிமிடம் வகுப்பில் எழும் 'உனக்கு எவ்ளோ, எனக்கு எவ்ளோ' சத்தத்தைக் கேட்ட எந்த ஆசிரியரும் இதை நம்புவார். அதன்பிறகு பிளாக்கும் வில்லியமும் 1999-இல் தொடங்கி, இங்கிலாந்தின் மெட்வே, ஆக்ஸ்ஃபோர்டுஷயர் பகுதிகளின் ஆறு பள்ளிகளில் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் 24 பேரோடு சேர்ந்து இதைச் செய்து பார்த்தார்கள். கேள்வி கேட்டதும் சில விநாடி காத்திருப்பது, மதிப்பெண் போடாமல் குறிப்பு எழுதுவது போன்ற சின்னச் சின்ன மாற்றங்கள்தான்.

இந்தப் பணிக்கெல்லாம் உங்கள் படிவத்தில் என்ன கிடைக்கும்? கல்லூரி ஆசிரியர் நியமனம், பதவி உயர்வுக்கான மானியக் குழுவின் 2018 விதிமுறை அட்டவணைப்படி, ஏற்கப்பட்ட இதழில் வந்த கல்வியியல் கட்டுரைக்கு 10 புள்ளி. இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் இம்பாக்ட் ஃபாக்டரைப் பொறுத்து அது கூடும். ஆசிரியர்களுக்கென்று எழுதிய கையேட்டுக்கு அங்கே வரியே இல்லை. ஆறு பள்ளிகளில் உட்கார்ந்த நாட்களுக்கும் இல்லை.

அதற்காகக் கையேட்டைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. பாடம் நடக்கும்போதே செய்யும் இந்த வளரறி மதிப்பீட்டால் 0.4 முதல் 0.7 வரை விளைவளவு (ஒரு முறையால் கற்றல் எவ்வளவு கூடியது என்பதன் அளவு) கிடைக்கும் என்ற எண் அந்தக் கையேட்டின் வழியாகத்தான் உலகமெங்கும் பரவியது. ஆனால் மூலக் கட்டுரை எல்லா ஆய்வு முடிவுகளையும் கூட்டிக் கணக்கிட்ட மெட்டா அனாலிசிஸ் அல்ல. 2011-இல் மதிப்பீட்டு ஆய்வாளர் ராண்டி பென்னட் இந்த எண்ணின் ஆதாரத்தைக் கேள்வி கேட்டார். அதே ஆண்டில் கிங்ஸ்டன், நாஷ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 300-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தார்கள். கணக்கிடப் போதுமான விவரம் 13-இல்தான் இருந்தது; வந்த சராசரி 0.20. அந்தக் கணக்கீட்டையும் வேறு சிலர் மறுத்தார்கள். ஆய்வு என்றால் இப்படித்தான் நடக்க வேண்டும். ஆனால் மேற்கோள் எண்ணிக்கையில் கண்ணை மூடிக்கொண்டு 0.7-ஐ எடுத்து எழுதியவரும் ஒன்று, அதைச் சரிபார்த்து மறுத்தவரும் ஒன்று.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். ஆண்டு முழுக்கப் பிள்ளையைக் கவனித்து மதிப்பிடும் தொடர்ச்சியான முழுமையான மதிப்பீடு பிளாக், வில்லியமிடமிருந்து வந்தது என்று சொல்ல மாட்டேன். 1986 தேசியக் கல்விக் கொள்கையிலேயே அது உண்டு. 2009 கல்வி உரிமைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் 2012-13-இல் முப்பருவ முறையோடு நடைமுறைக்கு வந்தது. வளரறி (அ) 20, வளரறி (ஆ) 20, பருவ முடிவில் எழுதும் தொகுத்தறித் தேர்வு 60. பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று பார்க்க வந்த ஒன்று 40 மதிப்பெண்ணாக மாறிப் பதிவேட்டில் ஏறிக்கொண்டது. பார்வைக்கு வரும் அதிகாரி பதிவேட்டைத்தான் கேட்பார். நாங்களும் அதைத்தான் நிரப்பினோம். அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டு வகுப்பறையில் என்ன நடந்தது என்று தமிழில், ஆசிரியர் படிக்கும்படி ஒருவர் எழுதியிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ உதவியிருக்கும். எழுதினால் புள்ளி கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

ஆகவே கேட்கிறேன். ஆய்வாளர் ஒருவரின் தாக்கத்தைப் பார்க்கும்போது, அவரை மேற்கோள் காட்டியவற்றில் பத்தை எடுத்துப் படியுங்கள். அவர் சொன்னதை எதற்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பழைய முடிவு ஒன்றை நம் பள்ளிகளில் மறுபடி சோதித்துப் பார்த்தவருக்கு, முடிவு 'வேலை செய்யவில்லை' என்று வந்தாலும், புதுக் கட்டுரைக்கு உரிய புள்ளியைக் கொடுங்கள். தமிழில் ஆசிரியர்களுக்கு எழுதுவதற்கு அட்டவணையில் ஒரு வரி சேருங்கள். அதன் தரத்தைச் சக ஆய்வாளர் ஒருவரும் வகுப்பெடுக்கும் ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து பார்க்கட்டும். இது மேற்கோளை எண்ணுவதைவிட மெனக்கெட வேண்டிய வேலை, அதை மறுக்கவில்லை.

ஆசிரியர் யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்க வேண்டாம். ஓ.டி. (வெளிப்பணி அனுமதி) போட்டுக் கொடுத்தால் நாங்களே வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
அரசு நடுநிலைப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர்