யாரைப் புறக்கணிப்பது என்று பில்லில் எழுதிக் கொடுங்கள்

மத்திய பெட்ரோலிய அமைச்சகத்துப் பெரியவர்களுக்கும், தினமும் காலை ஆறு மணிக்கு விலை நிர்ணயிக்கும் பொதுத்துறை எண்ணெய் நிறுவனத்தாருக்கும், அவிநாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுவது.

வணக்கமுங்க.

பெட்ரோல் விலை அதிகம் என்று சொல்ல நான் வரவில்லை. அது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். பெட்ரோல் பங்க்கில் கொடுக்கும் பில்லில், நாங்கள் தரும் பணம் யார் யாருக்கு எவ்வளவு போகிறது என்று பிரித்து அச்சடித்துக் கொடுங்கள். அவ்வளவுதான்.

என் பிழைப்பைச் சொன்னால்தான் விஷயம் புரியும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தைத்த பீஸைக் கட்டாகக் கட்டி, எக்ஸெல் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவேன். சுற்றுவட்டாரத்தில் நாலு ஊர். வீட்டோடு இருக்கும் பெண்களிடம் பிசிறு வெட்டக் கொடுத்து, மறுநாள் வாங்கிப்போய்ச் சேர்ப்பேன். பீஸுக்கு இத்தனை காசு என்று கூலி. காசு என்றால் நிஜமாகவே காசுதான், ரூபாய் இல்லை. வெட்டுகிறவர்களுக்குக் கொடுத்தது போக ஒரு பீஸில் எனக்கு நிற்பது 10 காசு. அதற்குள்தான் பெட்ரோலும்.

இரண்டு வாரத்துக்கு முன் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. "வர்ற ஞாயித்துக்கிழமை யாரும் பெட்ரோல் போடாதீங்க. ஒரு நாள் வாங்கலைன்னா கம்பெனிக்காரன் கதறுவான். திங்கக்கிழமை வெலை தானா எறங்கும்." கீழே பத்துப் பதினைந்து கும்பிடு பொம்மைகள். நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். மறைப்பானேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் வாங்கிக்கொண்டு திரும்பினால், பைபாஸ் பங்க்கில் வரிசை ரோடு வரைக்கும் நிற்கிறது. என்னவோ ஏதோ என்று பார்த்தால் எல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள். நாளைக்குப் புறக்கணிப்பு, அதனால் இன்றைக்கே டேங்கை நிரப்பிக்கொள்ள வந்திருக்கிறார்கள்! எனக்கு முன்னால் இருபது வண்டி. வீட்டுக்கு வீடு கூலி கொடுக்க வேண்டியிருந்ததால், இருப்பதை வைத்து ஞாயிறை ஓட்டிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

ஞாயிறு பதினொரு மணிக்குக் கம்பெனியிலிருந்து போன். "லாட்டு இன்னிக்கே போயாகணும், பீஸ் எங்கண்ணா?" நாலு ஊரும் சுற்றி எடுக்க வேண்டும். மூன்றாவது ஊர் தாண்டியதும் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. முன்னால் ஒரு கட்டு, பின்னால் இரண்டு கட்டு. சித்திரை வெயிலில் அதைத் தள்ளிக்கொண்டு ஒரு பெட்டிக்கடை வரை போனேன். கடைக்கார அம்மா தண்ணீர் பாட்டிலில் அரை லிட்டர் எடுத்து வைத்தார். எழுபது ரூபாய். "என்னங்க்கா இது" என்றதற்கு, "இன்னிக்குப் பங்க்குல யாரும் போடக் கூடாதாமே சாமி, காலைல இருந்து நீ ஆறாவது ஆளு" என்றார்.

அரை லிட்டருக்கு ஏறக்குறைய இருபது ரூபாய் கூடுதல். என் கணக்கில் 200 பீஸ். விலையைக் குறைக்க நடந்த போராட்டத்தில் நான் இருநூறு பீஸ் தோற்றேன்.

கடைசி ஊரில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆத்தா. கண்ணாடியை நூலால் காதில் கட்டிக்கொண்டு பிசிறு வெட்டுவார். பீஸுக்கு அஞ்சு காசு சேர்த்துக் கொடு என்று ஒரு வருடமாகக் கேட்கிறார். வழக்கம்போல நான் பெட்ரோலைக் காரணம் சொன்னேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏஞ்சாமி, பெட்ரோலு நானா குடிக்கறேன்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள், கொண்டுபோய்ப் படித்துக் காட்டுகிறேன்.

திங்கட்கிழமை காலை பங்க்கில் மறுபடி வரிசை. பெட்ரோல் போடும் தம்பி சொன்னான்: "முந்தாநேத்து தீபாவளிங்கண்ணா, நேத்து லீவு, இன்னிக்குப் பொங்கல்." விலைப் பலகை அப்படியே இருந்தது. நான் எப்போதும் நூறு ரூபாய்க்குத்தான் போடுவேன். 2021 ஜூலையில் விலை நூறைத் தாண்டியதிலிருந்து, நடுவில் கொஞ்ச நாள் தவிர, அந்த மீட்டர் ஒரு லிட்டரைத் தொடுவதற்குள் நின்றுவிடுகிறது. அதை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். இன்றைக்காவது தொடாதா என்று ஓர் ஆசைதான்.

இந்த ஒரு நாள் விரதம் நம் ஊர்ச் சரக்கும் இல்லையாம். கல்லூரியில் படிக்கும் மகள் தேடிச் சொன்னாள். அமெரிக்காவில் 1999 ஏப்ரல் 30 அன்று யாரும் பெட்ரோல் போடாதீர்கள் என்று மின்னஞ்சல் மின்னஞ்சலாகச் சுற்றவிட்டார்களாம். அங்கேயும் இதே கதைதான். ஏன் ஆகாமல் போகிறது என்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. ஞாயிறு போடாததைத் திங்கள் போட்டால் விற்பனை குறையவில்லை, தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். உண்மையில் குறைய வேண்டுமென்றால் வண்டி ஓடக் கூடாது. வண்டி ஓடாவிட்டால் எங்கள் அடுப்பு எரியாது. அந்தக் கம்பெனி வேண்டாம், இந்தக் கம்பெனி பங்க்கில் போடுவோம் என்றாலும் பயனில்லை. ஒருவர் டிப்போவில் மற்றவர் எண்ணெய் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு உங்களுக்குள் இருக்கிறது.

மொராக்கோவில் 2018இல் மூன்று பொருளைச் சேர்த்துப் புறக்கணித்தார்கள். ஒரு பால், ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பெட்ரோல் பங்க் நிறுவனம். ஒரு நாள் இல்லை, மாதக்கணக்கில். பால் கம்பெனியின் தலைவர் பிரான்சிலிருந்து இறங்கி வந்து பேசி, பால் விலையைக் குறைத்தார். பெட்ரோல் நிறுவனத்தின் முதலாளியோ மூன்று வருடம் கழித்து அந்த நாட்டுக்குப் பிரதமர் ஆனார். பாலை ஒரு நாள் வைத்தால் கெட்டுப்போகும், அதனால் பால்காரன் பயப்படுவான். பூமிக்கடியில் டேங்கில் கிடக்கும் பெட்ரோலுக்கு என்ன வந்தது?

அவ்வளவு ஏன், 2022 மே 31 அன்று பல மாநிலங்களில் பங்க் முதலாளிகளே கமிஷன் போதவில்லை என்று உங்களிடம் ஒரு நாள் சரக்கு எடுக்காமல் இருந்தார்கள். கமிஷன் உயர்ந்தது 2024 அக்டோபர் கடைசியில். சரக்கை வாங்கி விற்கிறவர்களுக்கே அத்தனை நாள் என்றால், நூறு ரூபாய்க்குப் போடுகிறவன் எந்த மூலைக்கு?

எங்கள் சீமைக்காரர்களுக்குப் போராடத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். மின்கட்டணத்தில் காசுக் கணக்கில் ஏற்றியதற்கு 1970 ஜூன் 19 அன்று இதோ பக்கத்தில் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். 1972இல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு பின்னால் கோயமுத்தூருக்குள் மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். (மாட்டுக்கு டீசல் வேண்டாம் என்பதைக் கவனிக்கவும்.) நூல் விலை ஏறியதற்காக 2022 மே மாதம் இரண்டு நாள் திருப்பூரே கதவடைத்தது. அவர்களுக்கெல்லாம் யாரைக் கேட்பது, எத்தனை காசைக் கேட்பது என்று தெரிந்திருந்தது. மின்சாரம் என்றால் மின்வாரியம். நூல் என்றால் மில். பெட்ரோலில் மட்டும் யாரைப் போய் நிற்பது?

உங்களைக் கேட்டால் உலகச் சந்தை என்கிறீர்கள். 2010 ஜூனிலேயே பெட்ரோல் விலையை நிர்ணயிப்பதை அரசு கைவிட்டுவிட்டது, 2017 ஜூன் 16 முதல் தினசரி விலை, கச்சா எண்ணெய் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்றீர்கள். சரி, ஒத்துக்கொண்டோம். ஆனால் 2021இல் எங்கள் சட்டமன்றத் தேர்தல் நேரத்தில் பிப்ரவரி கடைசியிலிருந்து உலகச் சந்தைக்கே தூக்கம் வந்துவிட்டது. மே 2 வாக்கு எண்ணிக்கை. மே 4 விலை எழுந்துகொண்டது. 2024இல் மார்ச் 15 அன்று இரண்டு ரூபாய் குறைத்தீர்கள், 16ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் தேதியை அறிவித்தார்கள். ஆக, விலையை அசைக்க ஒரு நாள் இருக்கத்தான் செய்கிறது. அது பெட்ரோல் போடாத ஞாயிறு இல்லை, ஓட்டுப் போடப் போகிற நாள். மாதம் ஒரு தேர்தல் வைத்தால் நான் ஆத்தாவுக்கு அஞ்சு காசு சேர்த்துக் கொடுத்துவிடுவேன்.

கோபத்தில் கை நீண்டுவிட்டது, மன்னிக்கவும். 2022இல் உங்களுக்கு நட்டம் வந்தது உண்மை, மறுக்கவில்லை. 2023-24இல் உங்கள் மூன்று நிறுவனமும் (இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம்) சேர்ந்து சுமார் 81,000 கோடி லாபம் பார்த்ததும் உண்மை. அதையும் நீங்கள் மறுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

வரி விஷயத்துக்கு வருகிறேன். 2020 மே மாதம் கொரோனாவில் ஊரே அடைந்து கிடந்தபோது கச்சா எண்ணெய் தரைக்கு வந்தது. எங்களுக்கு வர வேண்டிய குறைப்பை, லிட்டருக்கு 10 ரூபாய் மத்திய கலால் வரியாக ஏற்றி நடுவிலேயே எடுத்துக்கொண்டார்கள். அதே மாதம் மாநிலமும் தன் பங்குக்கு ஏற்றியது. 2021 ஆகஸ்டில் மாநிலம் 3 ரூபாய் குறைத்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்புறம் 2025 ஏப்ரலில் கலால் வரி மறுபடி 2 ரூபாய் ஏறியது. பங்க் விலை அசையவில்லை. அன்றைக்குப் பெட்ரோல் போட்ட எனக்கு வரி ஏறியதே தெரியாது! என் பாக்கெட்டிலிருந்து ஒருவர் கை எடுத்து இன்னொருவர் கை வைத்திருக்கிறார். மொத்தம் அதேதான் என்பதால் எனக்கு உறைக்கவில்லை.

டீக்கடையைத் தாண்டிக் கொஞ்சம் பெரிய ஓட்டலில் காபி குடித்தால்கூட மத்திய ஜிஎஸ்டி 2.5 சதவீதம், மாநில ஜிஎஸ்டி 2.5 சதவீதம் என்று பில்லில் தனித்தனியாக வருகிறது. நான் பீஸ் எடுக்கும் கம்பெனி ஒரு பெட்டி பட்டன் வாங்கினாலும் அப்படித்தான். பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள் வராது என்பீர்கள். வர வேண்டாம், அந்தச் சண்டையை டெல்லியும் சென்னையும் பார்த்துக்கொள்ளட்டும். பங்க் பில்லில் எந்தக் குழாய், எத்தனை மணி, அடர்த்தி எவ்வளவு என்பது வரை அச்சாகிறது. அடர்த்தியை வைத்து நான் என்னங்க செய்ய? அந்த இடத்தில் எண்ணெயின் விலை இவ்வளவு, மத்திய வரி இவ்வளவு, பங்க்காரர் கமிஷன் இவ்வளவு, மாநில வரி இவ்வளவு என்று நாலு வரி போட முடியாதா?

டெல்லி விலையை அப்படிப் பிரித்து இணையத்தில் போட்டிருப்பதை மகள் காட்டினாள். மகிழ்ச்சி. நான் டெல்லியில் பெட்ரோல் போடுவதில்லை.

மின்சார வண்டி வாங்கிக்கொள் என்று உங்கள் பங்க்கிலேயே விளம்பரம் இருக்கிறது. ஓட்டுகிற எக்ஸெல்லுக்கே இன்னும் ஏழு தவணை பாக்கி. டவுன் பஸ்ஸில் போகலாமே என்றும் சொல்லலாம். எங்கள் வீட்டம்மா இலவசமாகவே போய் வருகிறார். ஆனால் மூன்று கட்டு பீஸோடு நான் ஏறினால் கண்டக்டர் எனக்கு மட்டும் இல்லை, கட்டுக்கும் சேர்த்து ஒரு பார்வை பார்ப்பார். காலப்போக்கில் எல்லோரும் பெட்ரோலை விட்டு வெளியே வந்தால் விலை பேசும் பலம் எங்களுக்கு வரலாம். அது நீண்ட கால விஷயம். என் சம்பளம் வாராவாரம்.

எனவே ஐயா, அம்மா, விலையை நாளைக்கே குறையுங்கள் என்றுகூட இந்த மடலில் கேட்கவில்லை. பில்லில் பிரித்துக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். நூறு ரூபாய்க்குப் போடுகிறவனுக்கு யாரும் பில் கொடுப்பதில்லை, பேப்பர் செலவு என்று யோசித்தால், விலைப் பலகைக்குக் கீழே அந்த நாலு வரியை எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறை மாறும்போதும் யாருடைய வரி மாறியது என்று தேதியோடு போடுங்கள். தமிழில் போட்டால் இன்னும் நல்லது, ஆத்தாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும்.

தயவுசெய்து கவனிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
எக்ஸெல் வண்டியில் பீஸ் ஏற்றிப் பிழைக்கும் ஒருவன்,
அவிநாசி வட்டம்.

பி.கு.: இதை எழுதி முடிப்பதற்குள் குழுவில் அடுத்த செய்தி வந்துவிட்டது. ஒரு ஞாயிறு போதாதாம், அடுத்து மூன்று ஞாயிறு. பெட்டிக்கடை அம்மா பாட்டில் சேர்த்து வைத்துக்கொண்டிருப்பார். நான் சனிக்கிழமை மத்தியானமே போய் வரிசையில் நிற்பதாக இருக்கிறேன்.