இரண்டு வலியையும் சேர்த்துச் சொல்

அன்புள்ள மகளுக்கு,

கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்றும், எச்சில் விழுங்கினாலே தொண்டைக்குள் வலிக்கிறது என்றும் நீ தம்பியிடம் சொன்னாயாம். என்னிடம் பேசியபோது வேலை அதிகம் என்பதைத் தவிர வேறெதுவும் நீ சொல்லவில்லை. வலியை வெளிக்காட்டாமல் பொறுத்துக்கொள்வது சிறு வயது முதலே உன் குணம். அதில் எனக்குப் பெருமைதான், ஆனால் இப்போது அந்தக் குணம் உனக்கு உதவாது.

இந்த இரண்டு வலியும் சேர்ந்து வர ஒரு நோய் காரணமாக இருக்கலாம். கழுத்து முள்ளெலும்புகளின் முன்பக்கத்தில், தொண்டைக்குப் பின்னால், லாங்கஸ் கோலை என்றொரு தசை இருக்கிறது. அதன் மேற்பகுதியை எலும்போடு இணைக்கும் தசைநாணில், பெரும்பாலும் முதல் இரண்டு முள்ளெலும்புகளின் மட்டத்தில், ஹைட்ராக்ஸிஅபடைட் என்னும் கால்சியம் உப்பு படிந்து, அந்தப் படிவு உடைந்து கசியும்போது திடீரென அழற்சி உண்டாகிறது. தொண்டையின் பின்சுவர் அருகிலேயே இருப்பதால்தான் கழுத்து விறைப்பும் விழுங்கும் வலியும் சேர்ந்து வருகின்றன. லேசான காய்ச்சலும் வரலாம். 1964ஆம் ஆண்டிலேயே ஹார்ட்லி என்பவர் விவரித்த நோய் இது. ஆனாலும் அரிது என்பதால் இன்றும் கவனத்திற்குத் தப்பிவிடுகிறது. 30 முதல் 60 வயது வரை உள்ளவர்களிடமே அதிகம் காணப்படுகிறது.

உனக்கு இதுதான் என்று நான் முடிவு கட்டவில்லை. தொண்டைக்குப் பின்னால் சீழ்க்கட்டி இருந்தாலும், மூளையுறை அழற்சி இருந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கும். அவை உயிருக்கு ஆபத்தானவை என்பதால், அவை இல்லை என்பது முதலில் உறுதியாக வேண்டும். கால்சியப் படிவைச் சி.டி. ஸ்கேன் தெளிவாகக் காட்டிவிடும். கழுத்து வலி என்று மட்டும் சொன்னால் தலையணையை மாற்றச் சொல்லி அனுப்பிவிடக்கூடும். தொண்டை வலி என்று மட்டும் சொன்னால் தொண்டைக்கு மருந்து தரக்கூடும். ஆகவே மருத்துவரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல். யாரிடமும் கழுத்தை நீவவோ திருகவோ கொடுக்காதே.

இந்த நோய்தான் என்று தெரிந்துவிட்டால் பயமில்லை. அறுவை சிகிச்சை தேவைப்படாது. அழற்சியைக் குறைக்கும் மாத்திரைகளும், சிலருக்குக் குறுகிய காலம் ஸ்டீராய்டும், கழுத்துக்கு ஓய்வும் போதும். பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் வலி அடங்கும். படிவையும் உடலே மெல்லக் கரைத்துவிடும். உணவில் உள்ள கால்சியத்தால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதே.

மூச்சு விட முடியாமலோ, வாயைத் திறக்க முடியாமலோ, காய்ச்சல் கடுமையாகவோ இருந்தால் விடியும் வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போ. விழுங்கும்போது வலிப்பதை அங்கேயும் மறக்காமல் சொல். தம்பியைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். ஸ்கேன் முடிவு எதுவானாலும் இந்த முறை நேராக எனக்கே சொல்.

அன்புடன்,
அம்மா