சக்சஸுக்கு நினைவுச்சின்னம் உண்டு, நூர்ஜஹானுக்கு?

தென்னிந்திய நடிகர் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். தி.நகர் அபிபுல்லா சாலையில் உங்கள் புதிய கட்டடத்தில் நாடகத்துக்கு என்ன இடம் என்று கேட்கவே இந்த மடல்.

ஏவி.எம். ஸ்டுடியோவில், ‘பராசக்தி’க்காக சிவாஜி கணேசன் ‘சக்சஸ்’ என்று முதல் வசனம் பேசிய இடத்தில் நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த வாய்ப்புக்கு விதை விழுந்தது வேலூரில். சக்தி நாடக சபாவின் ‘நூர்ஜஹான்’ நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம் போட்ட கணேசனைப் பார்த்துத்தான் நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியார் அவரைக் கதாநாயகனாக்க முடிவு செய்தார். படப்பிடிப்பு தொடங்கிய பிறகு ஆளை மாற்றிவிடலாம் என்று ஏவி.எம். அதிபர் மெய்யப்பச் செட்டியாரே சொல்லியும் பெருமாள் அசையவில்லை. மேடையில் பார்த்தவர் அல்லவா! 1952 தீபாவளிக்குப் படம் வந்தது. ஒரே படத்தில் உச்சிக்குப் போனார் என்று இன்றும் எழுதுகிறார்கள்.

ஒரே படமா? சின்னப் பையனாக யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் பாய்ஸ் கம்பெனியில், சிறுவர்கள் நடிக்கும் நாடகக் குழுவில் சேர்ந்து, ராமாயணத்தில் முதலில் சீதை, பிறகு பரதன், இந்திரஜித் என்று வேடம் மாற்றி மாற்றிக் கட்டியவர் அவர். ஒரே கதையை இத்தனை பக்கமிருந்து நடித்தவருக்கு, எதிரே நிற்கும் பாத்திரத்தின் மனசு தானாகப் பிடிபட்டுவிடும். ‘சிவாஜி’ என்ற பெயரே 1946இல் அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னர் சிவாஜியாக நடித்ததற்குப் பெரியார் கொடுத்தது. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’கூட மேடையில் வெற்றி கண்ட பிறகுதான் 1959இல் படமானது, மறு ஆண்டு கெய்ரோவில் சிறந்த நடிகர் விருது வாங்கித் தந்தது. மிகை நடிப்பு என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் முகம் தெரியப் பழகிய உடம்பு அது. எனக்கு அது குறையாகப் படவில்லை.

மனோரமாவும் பள்ளத்தூரிலிருந்து நாடகம் நாடகமாக நடித்துத்தான் 1958இல் ‘மாலையிட்ட மங்கை’க்கு வந்து சேர்ந்தார்.

உங்கள் பழைய அரங்குக்கு நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயர். 2019 சங்கத் தேர்தலில் ஓர் அணிக்கும் அவர் பெயர்தான். ‘வள்ளி திருமணம்’ விடிய விடிய ஆடும் கலைஞர்களும் உங்கள் உறுப்பினர்கள். ஓட்டுக் கேட்டு மதுரைக்கும் புதுக்கோட்டைக்கும் வேட்பாளர்கள் வரத்தானே செய்கிறார்கள்?

புதிய அரங்கை மாதத்தில் இரண்டு நாள் நாடகக் குழுக்களுக்கு விடுங்கள். மின்சாரச் செலவு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். கல்யாண முகூர்த்தம் போக மிஞ்சும் செவ்வாய்க்கிழமை வேண்டாம். சனி, ஞாயிறு மாலை வேண்டும். இன்னொன்று, மூத்த நாடகக் கலைஞர்களுக்கு மனப்பாடமாக இருக்கும் நாடகப் பாடங்களை ஒளிப்பதிவு செய்யுங்கள். கேமராவுக்கு உங்களிடம் பஞ்சமில்லை. மதுரையிலிருந்தே தொடங்கலாம். ராஜபார்ட் என்னும் நாயக வேடக்காரர், ஸ்திரீபார்ட்டோடு நிறுத்திவிடாமல் சிரிக்க வைக்கும் பபூன், ஆர்மோனியம், மிருதங்கக்காரர்களையும் உட்கார வைத்துப் பேச விடுங்கள்.

இப்படிக்கு,
மதுரை நாடக ரசிகன்