ராத்திரி ஏழு மணி ஒத்திகைக்கு வர முடியாத அப்பாக்களுக்காக ஒரு திறந்த மடல்

டோக்கியோவுல நம்ம பொங்கல், தீபாவளி, புத்தாண்டு விழாவெல்லாம் எடுத்து நடத்துற அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

நான் நிஷி கசாய்ல இருக்கேன், எட்டு வருஷம் ஆச்சு. பாக்குறது ஐடி வேலை, வாசிக்கிறது மிருதங்கம். ரெண்டு பிள்ளைங்க, பொண்ணுக்கு அஞ்சு வயசு, பையனுக்கு ரெண்டரை. எந்தச் சங்கம், எந்த விழா, யார் என்ன சொன்னாங்கன்னு இதுல எழுத மாட்டேன், யாரையும் குத்தம் சொல்றதுக்கு இத எழுதல. ஆனா போன பொங்கலுக்கு நடந்தத சொல்லாம நான் கேக்க வந்தத கேக்க முடியாது, அதனால மொதல்ல அது.

ஒத்திகை அஞ்சு வாரம், எல்லாமே சனிக்கிழமை ராத்திரி ஏழுலேர்ந்து ஒம்பதரை வரைக்கும். மொத வாரம் போயிட்டேன். ரெண்டாவது வாரம் என் மனைவிக்கு ஷிஃப்ட், அவங்க சூப்பர்மார்க்கெட்ல ஒபெந்தோங்கிற டப்பா சாப்பாடு கட்டுற செக்‌ஷன்ல வேலை பாக்குறாங்க, அதனால ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போனேன், பையன் ஸ்ட்ரோலர்லயே தூங்கிட்டான், பொண்ணு என் பக்கத்துல உக்காந்து விரல் விட்டு ஆதி தாளம் போட்டுட்டு இருந்தா. முடிஞ்சதும் ஒருத்தர் தனியா கூப்பிட்டு "தம்பி, அடுத்த வாட்டி பசங்கள கூட்டிட்டு வராதீங்க, மத்தவங்களுக்கு டிஸ்டர்பா இருக்கு"ன்னாரு. மூணாவது வாரம் பையனுக்கு ஜுரம், போகல. நாலாவது வாரம் பிள்ளைங்கள பாத்துக்க ஒரு ஃப்ரெண்ட் வீட்ல கெஞ்சிக் கேட்டு ஏற்பாடு பண்ணி, பைய தோள்ல மாட்டிட்டு கதவத் தொறக்கும்போது க்ரூப்ல மெசேஜ் வருது, மிருதங்கத்துக்கு ரெகார்ட் பண்ண ட்ராக் போட்டுக்கலாம், ரெகுலரா வர்றவங்கள வச்சு முடிச்சுக்கலாம்னு.

பொண்ணு ஷூ போட்டு ரெடியா நின்னா. போகலைடான்னு சொன்னதுக்கு ஏன்னு கேட்டா. என்கிட்ட பதில் இல்ல.

அந்த ட்ராக்க நானும் அப்புறம் கேட்டேன். தப்பா எதுவும் இல்ல. ஆனா பாடுற பொண்ணு பயத்துல கொஞ்சம் வேகமா எடுத்தா அது கூடவே ஓடாது, மூச்சு வாங்க ஒரு நொடி நின்னா அது நிக்காது. அதுக்குத்தான மிருதங்கத்துக்கு ஒரு ஆள உக்கார வைக்கிறோம்?

என்ன மாதிரி ஆளுங்க ஏன் ராத்திரி ஏழுக்கு வர முடியலங்கிறத கொஞ்சம் விவரமா சொல்றேன், கல்யாணம் ஆகாதவங்களுக்கும் பிள்ளைங்க வளந்துட்டவங்களுக்கும் இது கண்ணுல படாம போறது சகஜம்தான். எனக்கு காலைல ஜப்பான் க்ளையண்ட் மீட்டிங், சாயங்காலம் சென்னை டீமோட கால். சென்னையில சாயங்காலம் ஆறுன்னா இங்க ராத்திரி ஒம்பதரை. நடுவுல ஹோய்க்குவென், அதாவது பிள்ளைங்கள பாத்துக்கிற காப்பகம், அங்க போகணும், ரெண்டு பேரையும் மாமாச்சாரி சைக்கிள்ல முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு வச்சு கூட்டிட்டு வரணும். ஹோய்க்குவென்ல பிள்ளைக்கு 37.5 டிகிரி வந்துட்டா உடனே ஃபோன் வரும், எந்த மீட்டிங்ல இருந்தாலும் எந்திரிச்சுப் போகணும். இன்ஃப்ளுயன்ஸான்னா இன்னும் மோசம், ஜுரம் ஆரம்பிச்சு அஞ்சு நாள், விட்டப்புறம் மூணு நாள், ரெண்டும் முடியாம உள்ள சேத்துக்க மாட்டாங்க. நம்ம பொங்கல் ஒத்திகை நடக்குற டிசம்பர்தான் அது ஊரெல்லாம் சுத்துற மாசம். ஊர்ல மாதிரி பாட்டி தாத்தா பக்கத்துத் தெருவுல இல்ல. மனைவிக்கு என்னைச் சார்ந்து இருக்குறவங்களுக்கான டிபெண்டண்ட் விசா, வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை பாக்கலாம், அந்த 28 மணி நேரத்துல சனிக்கிழமை ராத்திரி ஷிஃப்ட்டும் வருது, அதையும் விடச் சொல்ல எனக்கு மனசு இல்ல, அவங்க அங்க போயி ஜப்பானீஸ் பேச ஆரம்பிச்சப்புறம்தான் இந்த ஊர் அவங்களுக்குப் பிடிச்சுது.

இதுக்கு நடுவுல வாசிச்சுப் பழகுற சாதகம். அபார்ட்மெண்ட்ல மிருதங்கத்த எடுத்தா தொப்பி, அதாவது கனமா ஒலிக்கிற இடது பக்கம், அதோட சத்தம் தரை வழியா கீழ் வீட்டுக்குப் போகுது. ஒரு தடவ எங்க பில்டிங் நோட்டீஸ் போர்டுல "வாத்திய ஓசை" பத்தி ஒரு காகிதம் ஒட்டினாங்க, பேர் போடல, ஆனா அது எனக்குத்தான்னு எனக்குத் தெரியும், அன்னைலேர்ந்து வீட்டுல தலகாணி மேலதான். நெஜ வாத்தியத்த வாசிக்கணும்னா ஞாயித்துக்கிழமை பகல்ல கரோக்கே ரூம் எடுப்பேன், இல்லன்னா அரகாவா ஆத்தங்கரைக்குப் போவேன், அங்க பாலத்துக்குக் கீழ ட்ரம்பெட், சாக்ஸஃபோன் ஊதுறவங்க எல்லாம் தள்ளித் தள்ளி நின்னு பழகிட்டு இருப்பாங்க, யாரும் யாரையும் கேள்வி கேக்க மாட்டாங்க. குளிர்காலத்துல காத்து காஞ்சு போயி தோல் இழுத்து சுருதி ஏறிடும், ஜூன்ல ட்சுயு மழை ஆரம்பிச்சா இறங்கிடும், தொப்பிக்கு வைக்கிற ரவைய வீட்லயே பிசைஞ்சு டப்பாவுல எடுத்துட்டுப் போவேன். பையன் அத சாப்பிடுற உப்புமான்னு நெனச்சு கேப்பான்.

அவன் பொறந்தது 2023ல. அதுக்கு முந்தின வருஷம் அக்டோபர்லதான் இங்க அப்பாக்களுக்குன்னு தனியா லீவ் வந்துச்சு, குழந்தை பொறந்த எட்டு வாரத்துக்குள்ள நாலு வாரம் வரைக்கும் எடுக்கலாம், பிரிச்சும் எடுக்கலாம். நான் நாலு வாரமும் எடுத்தேன். சம்பளத்துல 67 சதவீதம் இன்ஷூரன்ஸ்லேர்ந்து வந்துச்சு, 2025 ஏப்ரல்லேர்ந்து அப்பா அம்மா ரெண்டு பேரும் 14 நாளாவது எடுத்தா 28 நாள் வரைக்கும் 80 சதவீதம்னு ஏத்திட்டாங்க. 2022ல லீவ் எடுத்த அப்பாக்கள் 17 சதவீதம், 2023ல 30, 2024ல 40ஐ தாண்டிடுச்சு. வேலைய விட்டு நகராதவங்கன்னு நாம பேசுற இந்த ஊர் ஆம்பளைங்களே இப்ப பிள்ளையத் தூக்கிட்டு வீட்டுல இருக்காங்க. அந்த நாலு வாரத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு பையன நெஞ்சுல போட்டுட்டு முதுகுல மெதுவா மிருதங்கச் சொல்லு தட்டிட்டே நடப்பேன், தகதிமி தகஜுனு, அவன் தூங்குனதே அதுலதான். நான் இத்தன வருஷம் வாசிச்சதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச வாசிப்பு அதுதான்.

இப்ப எங்க ஏரியா ச்சோனாய்காய், அதாவது தெருக்காரங்க சேந்து நடத்துற சங்கம், அவங்க கோடை விழாவுக்குத் தைக்கோங்கிற ஜப்பான் மேளம் பழகுறத நான் ரெண்டு வருஷமா பாக்குறேன். சாயங்காலம் ஆரம்பிச்சு சின்னப் பிள்ளைங்க தூங்குற நேரத்துக்கு முன்னாடி முடிச்சுடுறாங்க, அப்பாக்கள் ஆபீஸ் சட்டையோட வர்றாங்க, பிள்ளைங்க நடுவுல ஓடுது, ஒரு பாட்டி பார்லி டீ ஊத்திக் குடுக்குறாங்க, பெரியவங்க அடிச்சு முடிச்ச கட்டைய ஒரு நாலு வயசுப் பையன் எடுத்து அடிக்கிறான், யாரும் டிஸ்டர்ப்னு சொல்லல. அவன் பத்து வருஷத்துல அங்க அடிக்கிற ஆளாயிடுவான். நாமளும் அப்படித்தான வளந்தோம்? எங்க வாத்தியார் வீட்டுத் திண்ணையில அவர் பேத்தி தவழ்ந்துட்டு இருக்கும்போதுதான் நான் த தி தொம் நம் கத்துக்கிட்டேன்.

காசு பத்தியும் ஒண்ணு சொல்லிடுறேன். நான் சன்மானம் கேக்கல, ஆனா சில பேருக்குக் குடுக்கணும்னு நீங்க நெனைக்கிறீங்க, நல்ல விஷயம்தான், அத கவர்ல போட்டு கைல திணிக்காதீங்க. என்ன மாதிரி இன்ஜினியர் விசாவுல இருக்கவங்க வாசிச்சு சம்பாதிக்கணும்னா இமிக்ரேஷன்ல தனியா அனுமதி வாங்கணும், டிபெண்டண்ட்டுக்கும் ஸ்டூடண்ட்டுக்கும் குடுக்குற அந்த 28 மணி நேர அனுமதி எங்களுக்கு வராது, என்ன வேலை, எவ்வளவு காசுன்னு பேப்பர் காட்டி ஒவ்வொருத்தரா கேக்கணும். எய்ஜூ, அதாவது இங்க நிரந்தரமா தங்குற அனுமதி வாங்குனவங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல, ஆனா அதுக்கு பொதுவா பத்து வருஷம் ஆகும், படிப்பு, சம்பளம் எல்லாம் பாத்துப் போடுற பாயிண்ட் அதிகம் இருந்தா சீக்கிரம் கெடைக்கலாம். ஒரு கவரால ஒருத்தர் விசாவுக்கே சிக்கல் வந்தா அந்தக் குடும்பம் என்னாகும்? குடுக்குறதா இருந்தா ரெண்டு மாசம் முன்னாடியே எழுத்துல குடுங்க, அவங்க ஷினகவா இமிக்ரேஷன் ஆபீஸ் போயி அனுமதி வாங்கிட்டு வந்து தைரியமா வாசிப்பாங்க.

நான் கேக்குறது பெருசு இல்ல. ஒத்திகைய ஞாயித்துக்கிழமை காலைல வையுங்க. பிள்ளைங்கள உள்ள விடுங்க, அழுதா நாங்களே வெளிய தூக்கிட்டுப் போயிட்டு வர்றோம். ஜுரத்தால ஒரு வாரம் வரலன்னா அடுத்த வாரம் வரைக்கும் எங்க எடத்த வச்சிருங்க, மெசேஜ் போடுறதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் பண்ணுங்க. எனக்குத் தெரிஞ்சே ஒரு வயலின்காரர், ஒரு புல்லாங்குழல்காரர், நல்லா பாடுற ரெண்டு அம்மாக்கள் இருக்காங்க, எல்லாரும் பிள்ளை பொறந்தப்புறம் நம்ம மேடைப் பக்கமே வரல. யாரும் விட்டுட்டதா நான் நினைக்கல, ஒம்பதரைக்கு ஒத்திகை முடிச்சு தூங்குற பிள்ளைய தோசாய் லைன் ட்ரெயின்ல தோள்ல போட்டுட்டு வர முடியல, அவ்வளவுதான்.

ஹால் கெடைக்காதுன்னு சொல்வீங்க. வார்டு ஹால் எல்லாம் காலை, மத்தியானம், ராத்திரின்னு பிரிச்சுத்தான் குடுக்குறாங்க, ராத்திரிக்குக் குலுக்கல்ல பேர் போடுற அதே ஃபார்ம்தான் காலைக்கும். நான் இந்த வார்டுல இருக்கேன், என் பேர்லயே பதிவு பண்ணித் தர்றேன். நவம்பர் கடைசி ஞாயித்துக்கிழமைலேர்ந்து வரிசையா போடுறேன், விழ விழ க்ரூப்ல சொல்றேன். எத்தன பேர் வருவீங்க, அதுல பிள்ளைங்க எத்தனன்னு மட்டும் முன்னாடி சொல்லிடுங்க, பிள்ளைங்க உக்கார பாய் நான் கொண்டு வந்துடுறேன்.

இப்படிக்கு,
நிஷி கசாய்லேர்ந்து ஒரு மிருதங்கக்காரன்